றெஜியின் மோட்டர்ப் பிரசங்கம்

கொட்டாஞ்சேனையில் றெஜியின் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் குரலைத் தெரியும். இரத்மலானையில், மெசின்களுக்குப் பூட்டும் கரண்ட் மோட்டர் விற்கிற ஒரு கம்பனியில் வேலை. புதிதாகக் கரண்ட் கிடைத்த மலைநாட்டு ஊர்களுக்குப் போய், சின்னத் தொழில் செய்கிறவர்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். பல்ப் எரிக்கவும் டீவி பார்க்கவும் மட்டுமா கரண்ட், அதை வைத்து உழைக்க வேண்டாமா என்று அவர் கேட்டால், வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் மாவரைக்கும் மெசின் வாங்கத் தோன்றும். அப்படி ஒரு வாய்.

ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் மனைவி யூஜினா கால் மெசினில்தான் தைத்தாள். கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளை உடுப்பென்றால் அந்த ஒழுங்கைச் சனம் முழுவதும் அவளிடம்தான் வரும். இந்த முறை முழங்கால் வீங்கி, வந்த துணியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதாள். ஒரு மோட்டர் பூட்டித் தரச்சொல்லி வருடக்கணக்காகக் கேட்கிறாள். பில் ஏறும் என்பார் றெஜி. மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று டொக்டர் மாதிரியும் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வந்த ஆறாயி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். பதுளைப் பக்கத்துத் தையற்காரி. றெஜியின் பேச்சைக் கேட்டு மெசினுக்கு மோட்டர் பூட்டியவள். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் அவள் கையில்தான். நன்றிக்கு ஒரு பை போஞ்சிக்காய் கொண்டுவந்திருந்தாள்.

பகலில் லைட்டும் ஃபேனும் போடக்கூடாது என்பது றெஜியின் சட்டம். அரை இருட்டில் யூஜினா வேர்த்து விறுவிறுத்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஆறாயிக்குப் பாவமாகிவிட்டது.

“என்னங்கம்மா, ஒங்க வீட்டுக்கு இன்னும் கரண்டு வரலீங்களா?”

றெஜி போஞ்சிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினார்.

“வரேல்ல பிள்ளை,” என்றாள் யூஜினா. “இவர் ஒவ்வொரு ஊரா குடுத்துக்கொண்டு வாறார். எங்கட முறையும் வரும்.”

ஆறாயி போனதும் றெஜி சாப்பிடாமலே வெளியே இறங்கினார். பின்னேரம் மோட்டரோடு வந்து தானே பூட்டினார். யூஜினா ஓட்டிப் பார்த்தாள். துணி தானாக ஓடியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

றெஜி தொண்டையைச் செருமிக்கொண்டு, மோட்டரால் தொழில் எப்படி வளரும் என்று அவளுக்கே விளக்கத் தொடங்கினார்.

“கதைச்சது காணும், நிப்பாட்டுங்கோ,” என்றாள் யூஜினா, தலை நிமிராமல். “அந்த லைட்டைப் போட்டுவிடுங்கோ.”

போட்டார்.