வெய்யில் வரட்டும், சொல்லுறன்

நோர்வேயின் வட கோடியில், கடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில் என் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. உடன்பிறந்தவர்களில் அம்மாவுக்கு எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கிய காலத்தில் படிக்கவென்று போனவர், படிப்பு முடிந்தபோது திரும்பிப் போக வழியில்லாமல், அங்கேயே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நாங்கள் உலகத்தின் தென் கோடியில், ஒக்லாந்து நகரத்தின் பாபடோயிட்டோயில் குடியிருந்தோம். பள்ளிக்கூடச் சுவரில் இருந்த உலகப் படத்தில் மாமாவின் ஊரைத் தொட நான் கதிரையில் ஏற வேண்டும். எங்கள் ஊரைத் தொட இறங்கிக் குந்த வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மார்கழியில் தொடங்கும் எங்கள் கோடை விடுமுறையில் மாமாவிடம் போனோம். அப்பாவுக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. அதனால் சலுகை டிக்கெட் கிடைத்தது. சலுகை என்றால், மற்றவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால் நாமும் ஏறலாம். இடம் மிஞ்சுவதற்காகப் பல ஊர் விமான நிலையங்களில் பெட்டிகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அப்பாவுக்குப் பனி பார்க்க வேண்டும், வானத்தில் ஆடும் பச்சை ஒளியைப் படம் பிடிக்க வேண்டும். அம்மாவுக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும். பார்த்ததோடு நில்லாமல் எங்களோடு வந்துவிட அவரைச் சம்மதிக்க வைக்கவும் வேண்டும். ஹில்ஸ்பரோவில் இருந்து எங்கள் மாதா கோயிலுக்கு வரும் மன்னார்க் குடும்பம் ஒன்றின் மூத்த மகளை மாமாவுக்கென்று அம்மா மனதுக்குள் முடித்தே வைத்திருந்தார். அந்த அக்காவின் படம் அம்மாவின் கைப்பையில் ஜெபமாலையோடு சேர்ந்து பயணம் செய்தது.

குளிர் உடுப்புகளை ஒடாஹுஹுவில் பழைய உடுப்புக் கடையொன்றில் வாங்கினோம். வெளியே வெய்யில் கொளுத்தியது. உள்ளே அம்மா ஊதா நிறத்தில் உப்பிப் பளபளத்த ஒரு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடியின் முன் நின்று வியர்த்தார். எனக்குக் கிடைத்தது யாரோ ஒரு பெரிய பையனின் ஜக்கெற். அது என் முழங்கால் வரை வந்தது. வளருகிற பிள்ளைதானே என்றார் அப்பா, நான் நோர்வேக்குள்ளேயே வளர்ந்துவிடுவேன் என்பது போல.

கடைசி விமானம் மிகச் சிறியது. அது இறங்கியபோது மத்தியானம். ஆனால் தெருவிளக்குகள் எரிந்தன. பனி நீலமாக இருந்தது, வானமும் நீலமாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் கம்பளித் தொப்பி போட்ட மாமா கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு தம்பியைக் கண்ட அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் காத்திருந்தேன். அம்மா முதலில் வானத்தைத்தான் பார்த்தார்.

“என்னடா தம்பி இது? மத்தியானத்தில லைற் எரியுது!”

“இப்ப இஞ்சை வெய்யில் இல்லை அக்கா. தை மாசக் கடைசியிலதான் வரும்.”

“வெய்யில் இல்லாத ஊரிலயோடா இவ்வளவு காலமும் இருந்தனி?” என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா அழத் தொடங்கினார்.

அப்பாவுக்கு எல்லாம் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வீட்டின் யன்னலிலும் ஒரு விளக்கு எரிந்ததும், வாசலில் சப்பாத்தைக் கழற்றும் வழக்கமும், கடைக்குப் போகும் கிழவிகள் ஒரு சறுக்குவண்டியைக் காலால் உந்திக்கொண்டு எங்களை முந்திப் போனதும். அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியோடு கடை வாசலில் விட்டுவிட்டுத் தாய்மார் உள்ளே கோப்பி குடிப்பதைக் கண்டதும் அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. “இந்தக் குளிருக்குள்ள பச்சைப் பிள்ளையை விட்டிட்டுப் போயிருக்கிறாளவை!” என்று, முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு அந்த ஊதா ஜக்கெற்றோடு காவல் நின்றார். அந்தத் தாய் வெளியே வந்தபோது குழந்தை வண்டிக்குள் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் மூக்குத்தான் சிவந்து போயிருந்தது.

சாப்பாட்டு நேரம் அம்மாவின் நேரம். மாமா பிடிக்கிற மீனல்ல, மாமா வெட்டுகிற மீன். அதை அம்மா எங்கள் தூள் போட்டுக் குழம்பு வைத்துப் பரிமாறிக்கொண்டே தொடங்குவார். ஒக்லாந்தில் மாமரம் இல்லாவிட்டாலும் எலுமிச்சை மரம் இருக்கிறது. கடல் இருக்கிறது, அதில் இறங்கிக் குளிக்கலாம். கோயிலில் தமிழில் பூசை நடக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அதன் பிறகு கைப்பை திறக்கும், அந்த அக்காவின் படம் வெளியே வரும். மாமா படத்தை மரியாதையாகக் கையில் வாங்கிப் பார்ப்பார். “நல்ல பிள்ளையாத் தெரியுது” என்பார். திருப்பிக் கொடுப்பார்.

“அப்ப என்ன சொல்லுறாய்?”

“வெய்யில் வரட்டும் அக்கா. வந்தாப் பிறகு சொல்லுறன்.”

இந்த நாட்டில் பெரியவர்கள் முடிவெடுக்க வெளிச்சம் தேவைப்படுகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். சும்மா கிடந்த அந்த அறை என் அறைக்குப் பக்கத்து அறை. மாமா வந்தால் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், சூரியன் இல்லாத ஊரில் இருந்து வந்தவர் என்று வகுப்பில் காட்டலாம். அதனால் சூரியன் சீக்கிரம் வரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். அப்பா தன் பங்குக்குக் கமராவோடு பனிக்குள் நின்று பச்சை ஒளிக்காகக் காத்திருந்தார். ஒளி வந்த அன்று அவர் மாமாவின் சோபாவில் நித்திரை. ஓடிப்போய் எழுப்பி, சப்பாத்துக் கட்டி, வெளியே வந்து எடுத்த படங்கள் பின்னர் பாபடோயிட்டோயில் கழுவியபோது ஒன்று விடாமல் கறுப்பாக வந்தன. அவற்றையும் அல்பத்தில் ஒட்டி வைத்தார்.

சூரியன் வருகிற அன்று பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விடுமுறை. ஊரே மேட்டுக்கு ஏறியது. நாங்களும் ஏறினோம், அம்மா இரண்டு முறை சறுக்கி விழுந்தார், இரண்டாம் முறை எழும்ப மனமில்லாமல் அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். கடலின் விளிம்பில் முதலில் ஒரு செம்மஞ்சள் கோடு தெரிந்தது. பிறகு, நகத்தின் நுனியளவு சூரியன். பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். எல்லாருடைய முகத்திலும் ஒரே நிறம் விழுந்தது. நான் வாழ்நாள் முழுவதும் பார்த்த அதே சூரியன்தான், ஆனாலும் வேறு யாரோ வருவது போல எனக்கும் கண் கலங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துவிட்டது. நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “Sun வந்திட்டுது மாமா. இப்ப சொல்லுங்கோ.”

“வீட்டை போய்ச் சொல்லுறன்” என்றார் மாமா. என் கையை விட்டுவிட்டு, எல்லாருக்கும் முன்னே மேட்டில் இருந்து இறங்கத் தொடங்கினார். குளிர் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மாமாவின் வயதிருக்கும் ஒரு நோர்வேப் பெண், கையில் ஒரு தட்டோடு நின்றார். சூரியன் வரும் நாளில் அங்கே எல்லா வீட்டிலும் சாப்பிடும் இனிப்புப் பணிஸ்கள், உள்ளே பழப்பாகு வைத்தவை. அவரோடு சடைமயிர் நாய் ஒன்றும் வந்தது. நாய் உடம்பை உதறிப் பனியைக் கொட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய் ஒரு மூலையில் சுருண்டு படுத்தது. பக்கத்து வீட்டு அன்ரி, நல்ல மனுஷி என்று நினைத்தேன். அவர் அலுமாரியைத் திறந்து எங்கள் எல்லாருக்கும் கோப்பைகள் எடுத்தார். தேநீர் ஊற்றினார். அம்மாவின் கோப்பையில் சீனி போட்டுக் கலக்கி, இரண்டு கையாலும் நீட்டினார். நீட்டிவிட்டு, போட்டது போதுமோ என்பது போல அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“சீனி காணுமோ, அக்கா?”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “She talks funny!” என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. கோப்பையை வாங்கினார், குடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். பிறகு அடுப்படி மூலையில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா திடீரென்று பணிஸ் மிக நல்லது என்று யாருக்கும் பொதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்து கன்னம் வரைக்கும் சிவப்பு ஏறிக்கொண்டே போனது.

அம்மா ஒரு வாய் குடித்தார்.

“காணும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உன்னைவிட அவ வடிவாத்தான் கதைக்கிறா. சிரிக்காமச் சாப்பிடு” என்றார்.

பிறகு அவர்கள் இருவரும் அடுப்படிக்குப் போனார்கள், அம்மாவும் மாமாவும். நான் அடுப்படிக் கதவோரம் போய், எழும்பி என்னிடம் வந்த நாயைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“எவ்வளவு காலமடா?”

“அஞ்சு வருசம், அக்கா.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் அழுவியளெண்டு.”

“இப்ப மட்டும் நான் என்ன, சிரிச்சுக்கொண்டோ நிக்கிறன்?” என்று கேட்ட அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே உண்மையிலேயே சிரித்தார்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அம்மாவுக்கு வீட்டுக்குள் நாய் வளர்ப்பது ஆகாது. அதனால் மாமா இந்த நாயை ஐந்து வருடமாக ஒளித்து வளர்த்து, நாங்கள் வருகிறோம் என்றதும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பாவம், நாய்.

மறுநாள் காலையில் அந்த அன்ரி ஒரு தலையணையோடும் ஒரு பையோடும் வந்து, நாங்கள் புறப்படும் வரை மாமா வீட்டிலேயே தங்கினார். அவர் வீட்டில் ஹீற்றர் பழுதாகிவிட்டது போலும். அந்த நாட்களில் அம்மா அவருக்குப் புட்டு அவிக்கக் காட்டிக்கொடுத்தார். அவர் அம்மாவைச் சறுக்குவண்டியில் இருத்தி, மேட்டில் இருந்து கடைத்தெரு வரை தள்ளிக்கொண்டு போனார். அம்மா “ஐயோ மாதாவே, மெல்லமாப் போ பிள்ளை!” என்று கத்திய கத்தலில் யன்னல்களில் முகங்கள் தெரிந்தன. கைப்பை அதன்பிறகு சாப்பாட்டு மேசைக்கு வரவேயில்லை. மாமா எங்களோடு வரவுமில்லை. சூரியனும் வந்து, நான் கேட்டும், அவர் என்ன சொன்னார் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அம்மா தம்பியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத்தான் நெடுநேரம் கட்டிப்பிடித்து நின்றார். பிறகு தம்பியிடம் சொன்னது ஒரே விஷயம்: “அவளுக்கு உறைப்பைக் கொஞ்சம் குறைச்சுச் சமை.”

ஒக்லாந்துக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஹில்ஸ்பரோ அக்காவின் தாயார் முற்றத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தார். வெய்யில் சுட்டது.

“தம்பி என்ன சொன்னவர்?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “குறை நினையாதேங்கோ. அவனுக்கு அங்கை குடும்பம் இருக்கு.”

நான் திடுக்கிட்டுப் போனேன். “இல்லை அன்ரி, மாமாவிட்ட ஒரு நாய்தான் இருக்கு” என்றேன். “ஹீற்றர் பழுதாப்போன ஒரு அன்ரியும் வந்து நிண்டவ.”

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் தலையில் கையை வைத்தார். அதட்டவும் இல்லை, சொன்னதைத் திருத்தவும் இல்லை. கோயில் முற்றத்தில் நின்றுகொண்டு, அதுவும் நற்கருணை வாங்கிய கையோடு, என் அம்மா இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. கையை உதறிக்கொண்டு மறுபடி கோயிலுக்குள் ஓடினேன். மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் முழங்காலில் நின்று, அம்மாவை மன்னித்துவிடும்படி மாதாவிடம் மன்றாடினேன்.