போத்தலில் போன மானம்

பவுடர் வாசனை. விடிந்தும் விடியாத மலைக்குளிரில் முகம் கழுவக் குனிந்தால் மூக்கில் ஏறும் அந்தக் குளோரின் நெடி றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடித்தால், "தண்ணி மாத்தயா" வருகிறார் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். மற்ற நாட்களில் எங்கள் பொதுக்குழாயான "பீலி"யின் தண்ணீருக்கு வாசனை கிடையாது. மழை பெய்தால் மட்டும் பிளேன் டீ நிறத்தில் வரும்.

மலையில் எங்களுக்கு மேலே இருந்த மேக்கணக்குப் பிரிவு லயங்களின் கக்கூசுகளைத் தாண்டி இறங்கும் ஓடைதான் ஒரு சிமெந்து டேங்கியில் விழுந்து, குழாய் வழியாக எங்கள் பீலிக்கு வந்தது. சுகாதாரப் பரிசோதகரான அந்த மாத்தயா சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வரும் செய்தி தோட்டத்து ஆபீசிலிருந்து முதல் நாளே வந்துவிடும். உடனே லயம் தீபாவளிக் கோலம் பூண்டுவிடும். ஆண்கள் டேங்கியை இறைத்துப் பாசியைத் தேய்ப்பார்கள், பெண்கள் பீலியடியைக் கழுவிவிடுவார்கள், பைப்புக்கார மாரிமுத்து மாமா, விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த நல்ல கோப்பையைப் போல அந்த நாளுக்கென்றே சேர்த்துவைத்த பவுடரைக் கரைத்து ஊற்றுவார். "நம்ம மானம் அந்தப் போத்தல்ல போகுது, நல்லாத் தேயிங்க" என்பார் லயத்துத் தலைவர். மாத்தயா வந்து போத்தலை நிரப்பி, தேத்தண்ணி குடித்து, சிங்களத்தில் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். பாவம், நாங்கள் குடித்த தண்ணீரை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் தங்கச்சி செல்விக்கு வயிற்றுப்போக்கு கண்டது. லயத்தில் வேறு பிள்ளைகளுக்கும்தான், அவர்கள் எப்படியோ தேறிவிட்டார்கள். செல்வியைக் கொழுந்து லொறியில் ஏற்றி, அந்த வளைவுகளையெல்லாம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அம்மாவின் மடியிலேயே அவள் அடங்கிவிட்டாள்.

காரியம் முடிந்ததும் அப்பாவும் லயத்து ஆட்களும் ஆபீசுக்குப் போய், மலையுச்சி ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார்கள். எந்தச் சோதனையிலும் உங்கள் தண்ணீரில் குறை வந்ததேயில்லை, குடத்தையும் கையையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கிளாக்கர் ஐயா திருப்பி அனுப்பிவிட்டாராம். அப்பா அதை வந்து சொன்ன சாயங்காலம் அம்மா சாம்பல் போட்டுக் குடத்தைத் தேய்த்தாள், தேய்த்தாள், அழாமல் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். வந்தவரை மதித்ததற்கு எங்களுக்குக் கிடைத்த கூலி அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சிமெந்து டேங்கி இல்லை, நீலப் பிளாஸ்டிக் டேங்கி வந்துவிட்டது. மாரிமுத்து மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஓடை மட்டும் அதே ஓடை. எம்பிலிப்பிட்டியவில் கடையொன்றில் வேலை பார்க்கும் நான் போன மாதம் வீட்டுக்குப் போனபோது, அம்மா தேய்க்கிற பிரஷ்ஷோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாத்தயா வருகிறாராம், புதியவராம். இந்தத் தடவையாவது கழுவாதீர்கள், வருகிறபடியே எடுத்துப் போகட்டும் என்றேன்.

"வீடு தேடி வர்ற மனுசனுக்கு அழுக்குத் தண்ணியவா நீட்டுறது?" என்றாள் அம்மா.

"செல்விக்கு அதத்தானம்மா குடுத்தோம்" என்றேன்.

அம்மா பிரஷ்ஷைச் சுவரோரம் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அதற்குள் பீலிப் பக்கமிருந்து பவுடர் வாசனை வந்துவிட்டது.