என் மருமகளின் வலது கை

கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டி முடித்ததும் என் மருமகள் வலது கையை இடது அக்குளில் சொருகிக்கொள்வாள். உதட்டை அசைத்து அந்த வரியை ஒருமுறை படிப்பாள். சரியென்று பட்டால்தான் கை வெளியே வரும், பெரிய பட்டனை அமுக்கும். "குளிருதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "பயம் அத்தை. இது நிஜமாவான்னு கேக்காது. சொன்னதைச் செஞ்சிடும்."

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவற்றை ஓட்டுவது லினக்ஸாம். எதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று அதற்குள் ஏகப்பட்ட கெடுபிடி. அதைத்தான் பர்மிஷன் என்கிறாள். என் மகன் அவள் சாப்பாட்டுத் தட்டில் கைவைத்தால், "உங்களுக்குப் பார்க்க மட்டும்தான் பர்மிஷன்" என்பாள்.

போன வாரம் ரத்தம் சோதிக்கும் லேபுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டாள். பர்மிஷன் இல்லையென்று அது முரண்டு பிடித்தது. போனில் லேப்காரர், "ஆபரேஷனுக்கு ஆள் படுத்திருக்கும்மா, ரிப்போர்ட் வரலை" என்று பறந்தார். அன்று கை அக்குளுக்குப் போகவில்லை. ஒரே ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியவள், மொத்தக் கம்ப்யூட்டரையும் திறந்துவிட்டாள்.

"திறந்திருந்தா நல்லதுதானே?" என்றேன்.

"இல்ல அத்தை. சாவி எல்லார் கைக்கும் எட்டுதுன்னு தெரிஞ்சா அது யாரையும் நம்பாது. இனி என்னையும் உள்ள விடாது. நான் முன்னாடியே உள்ள போன இந்தத் திரை ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா..."

அவள் மூக்கு நுனி வேர்த்திருந்தது. அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுகாலம். பிளக்கும் லொடலொடவென்று ஆடும். நான் தரையில் உட்கார்ந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஷாக் அடிச்சிடும், விடுங்கம்மா" என்றான் மகன்.

"அடிக்கட்டும். நீ ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாதே."

ஆஸ்பத்திரியில் அதேபோல இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து, திறந்ததை ஒவ்வொன்றாய் அடைத்தாள். போன் நடுவில் அடித்தது, எடுக்கவில்லை. எனக்குக் கை மரத்துப்போனது. அவள் மூச்சு விடுகிறாளா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். கடைசியில் லேப்காரரே மறுபடி கூப்பிட்டு, "வந்துடுச்சும்மா, ஆளை உள்ள கொண்டு போயிட்டாங்க" என்றார்.

அவள் புதிதாக ஒரு திரை திறந்து, உள்ளே விடுகிறதா என்று பார்த்தாள். விட்டது.

"அப்புறமென்ன? அந்தப் பழசை மூடிட்டு சாப்பிட வா" என்றான் மகன்.

மூடத்தான் கையை நீட்டினாள். பாதி வழியில் இழுத்து அக்குளில் சொருகினாள். பிறகு மற்ற கையையும்.