நாற்பது மீற்றருக்குள்

எழுதுமட்டுவாளில் தில்லைநாதன் மாமாவின் கச்சான்கடலைத் தோட்டம் ஒரு முட்கம்பியோடு முடிகிறது. கம்பிக்கு அப்பால் பற்றைக்காடு. மிதிவெடி என்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் இன்னும் அங்கே நிற்பதால் மனிதர் யாரும் உள்ளே கால் வைப்பதில்லை. பன்றிகள் அங்கேதான் குட்டி போட்டுப் பெருகின. எப்போதாவது உள்ளே ஒரு வெடி கேட்கும். "ஒண்டு குறைஞ்சுது" என்று மாமா சொல்லுவார்.

இரண்டாயிரமாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டு ஓடியவர். புத்தூரில் ஒருவரின் காணியில் கூலிக்குப் புகையிலை நட்டு, பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சண்டைக்குப் போட்ட ஒரு மண் அணை உயர்ந்து நின்றது. அவரும் கேதீஸ்வரி மாமியும் அதைக் கூடையால் அள்ளிக் கொட்டித்தான் இந்தத் தோட்டத்தை எடுத்தார்கள். பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அது இல்லாவிட்டால் தோட்டமும் இல்லை. சுற்றியிருந்த காணிக்காரர் எல்லோரும் பன்றியிடம் தோற்றுக் கச்சானைக் கைவிட்டுவிட்டார்கள்.

நாற்பது மீற்றருக்குள் வந்தால் அந்தத் துவக்குக்குப் பன்றி விழும். தூரத்தில் வைத்து அடித்தால் காயம் மட்டும்தான். காயப்பட்டது பற்றைக்குள் ஓடிவிடும், பின்னால் போக முடியாது. நாலு நாளைக்கு நாற்றம் மட்டும் காற்றோடு வரும். இரண்டு மாரியாக மாமாவின் வெடிகள் அப்படித்தான் போயின.

"கண்ணுக்கு ஒண்டுமில்லை. தூரம்தான் பிடிபடுதில்லை" என்றார் மாமா. நாங்களும் அதை நம்பினோம்.

கனடாவில் இருக்கும் மாமாவின் தம்பி வாகீசன் மான் வேட்டைக்குப் போகிறவர். பொத்தானை அமத்தினால் தூரத்தைச் சொல்லும் தூரக்கண்ணாடி இருக்கிறதென்றும், கோயில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருவதாகவும் அவர் சொன்னார். எதைத் தெரிவுசெய்வது என்பது என் வேலையாயிற்று. எங்கள் ஒழுங்கையில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன். மருந்துச்சீட்டிலிருந்து தண்ணீர்ப் பம்பின் விளக்கப் புத்தகம் வரை என்னிடம்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு முற்றத்தில் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருந்தோம்.

"அண்ணை, உது ஆயிரத்து எண்ணூறு மீற்றர் வரைக்கும் காட்டும்" என்றார் வாகீசன்.

"அவ்வளவு தூரத்துக்குப் போனால் கடலெல்லோடா வந்திடும்! மீனையே சுடுறது?"

"மலைச்சரிவிலை நிண்டு சுட்டால் சரிவையும் கணக்குப் பார்த்துச் சொல்லும்."

"இஞ்சை மலைக்கு எங்கை போக? கீரிமலையிலையே மலை இல்லை."

மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "எனக்கெண்டால் உது வீட்டுக்கை வாறது துண்டறப் பிடிக்கேல்லை. அந்தக் காலத்திலை தூரக்கண்ணாடி வச்சிருந்தவன் எவன் உருப்படியா வீடு வந்து சேர்ந்தவன்? ரெண்டு பக்கமும் எல்லோ கேள்வி கேட்டவங்கள்."

"அது அப்ப. நீ தேத்தண்ணியைக் கொண்டா" என்றார் மாமா.

எட்டு மடங்கு பெருக்குவதா, பத்து மடங்கா என்று கேட்டேன். பத்து என்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகும் என்று நானே எட்டைச் சொன்னேன். மாமா தலையாட்டினார். மழைத்தண்ணீர் போகாததாக இருக்க வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். வாகீசன் ஒன்றின் கண்ணாடித் தெளிவைப் பற்றி நெடுகச் சொன்னார், விடியற்புறத்திலும் மானின் காது மயிர் தெரியுமாம். மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அது கிடக்கட்டும். நம்பர் பெரிசோ?"

கறுப்பு எழுத்தில் காட்டுவதும் இருந்தது, சிவப்பாக ஒளிர்வதும் இருந்தது. இரண்டின் படங்களையும் என் போனில் காட்டினேன். அவர் போனை முகத்துக்கு நேரே பிடிக்காமல் ஒரு பக்கமாக விலக்கி, தலையைச் சரித்துப் பார்த்தார். வெயில் பட்டுக் கூசுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"சிவப்பு" என்றார். "சிவப்பே எடு."

கண்ணாடி வந்து சேர்ந்தபோது கச்சான் பூத்திருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாமா ஒரு கிழமை சின்னப்பிள்ளை போலத் திரிந்தார். பனையைப் பார்த்து, "எழுபத்திரண்டு" என்பார். கிணற்றைப் பார்த்து, "இருபத்தாறு" என்பார். நான் அடியெடுத்து அளந்து பார்ப்பேன், சரியாக இருக்கும். நல்லதைத்தான் தெரிவுசெய்திருக்கிறேன் என்று எனக்கும் பெருமை.

மார்கழித் தூறல் விடாத ஒரு காலையில் நானும் அவரும் காவல் கொட்டிலில் இருந்தோம். முந்தின இரவு பன்றி கம்பிக் கரையில் இரண்டு வரிசையை உழுதிருந்தது. துவக்கு அவருக்குப் பக்கத்தில் சாத்திக் கிடந்தது, தோட்டா போட்டபடி. நான் குனிந்து காலில் ஏறிய அட்டையை உப்புப் போட்டு விழுத்திக்கொண்டிருந்தேன்.

"வந்திட்டுது" என்றார் மாமா மெதுவாக. "பெரிசு. மண்ணைக் கிண்டுது."

பொத்தான் அமரும் சத்தம் கேட்டது.

"நாப்பத்தொண்டு. இன்னும் ஒரு எட்டுக் கிட்ட வரட்டும்."

கண்ணாடியை நெஞ்சில் தொங்கவிட்டு, பார்க்காமலே துவக்கை எடுத்தார். கை துளியும் நடுங்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டு, முதுகை வளைத்து, பன்றி கிளறிப்போட்ட செடிகளைத் திரும்ப மண்ணில் ஊன்றியபடி மாமி எங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். நனைந்து கறுத்த சாக்கு.

"மாமா! அது மாமி!"

குழலை என் கையால் கீழே அமத்தினேன். அவர் என்னை எதிர்க்கவில்லை. "எது?" என்று மட்டும் கேட்டார். "எது மாமி?"

மாமி நிமிர்ந்து, சாக்குக்குள்ளிருந்து தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். மாமாவின் மடியில் துவக்கு கிடந்தது.

"என்னப்பா, வயசு போன காலத்திலை என்னைச் சுட்டுப்போட்டு வேறை கலியாணம் கட்டப்போறியளோ?"

மாமி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாடி என்ன, பழுதோ?"

"இல்லை. நல்ல வேலை செய்யுது" என்றார் மாமா.

மாமி போன பிறகு, தோட்டாவைக் கழற்றித் தரச் சொன்னார் மாமா. நான் கழற்றினேன்.

"எப்ப தொடக்கம் மாமா?"

"ரெண்டு மாரிக்கு முதலே. சீனி வருத்தம் கண்ணுக்குள்ளை இறங்கிட்டுதாம், இனித் திருப்பேலாதாம். நடுவிலை ஒரே பனிப்புகார். வெளிச்சமா எழுதினதெண்டால் கண் கரையாலை பார்த்துப் பிடிப்பன்." கழுத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னால் துவக்கைப் பறிப்பாங்கள். துவக்குப் போனால் பேந்து இந்தத் தோட்டத்திலை எனக்கென்ன வேலை?"

அடுத்த நாள் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் துவக்கைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பொலிசுக்கு வந்தார். அதே சாக்கு. கை நடுக்கம் என்று சொல்லிக் கையளித்தார். மாமியிடமும் அதையே சொன்னார். நடுங்காத அந்தக் கையை மாமி பிடித்து ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவி உருவிவிட்டார்.

பன்றிகளுக்குத் தெரிய ஒரு கிழமை எடுத்தது. பிறகு அவை பகலிலேயே வந்தன. மாமி தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார், ஒரு மூலையில் கலைத்தால் மறு மூலையில் நிற்கும். தைப்பொங்கலுக்கு முன்னமே தோட்டம் அவர்கள் திரும்பி வந்த நாளில் கிடந்தது போலக் குழியும் மேடுமாகிவிட்டது. மிஞ்சியது ஒரு சுளகுக் கச்சான்.

அதை மாமி முற்றத்தில் புடைத்துக்கொண்டிருந்தபோது வாகீசன் போன் எடுத்தார்.

"அண்ணை, கண்ணாடி எப்பிடி? பன்றி ஏதும் விழுந்ததோ?"

மாமா மாமியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். சுளகுச் சத்தம் வந்த இடத்தைப் பார்த்தார்.

"நல்ல சாமானடா. நம்பர் வடிவாத் தெரியுது."