மூன்று சொட்டு டீ

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாருப்பா" என்று எழுந்து போகிற ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி, நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைந்தவன். அப்படிப்பட்டவன்தான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் அண்ணன் ஏழுமலை ஆவடியில் டாங்கி செய்யும் ஃபேக்டரியில் ஃபிட்டர். எண்பதுகளில் அவனை ரஷ்யாவுக்கு ட்ரெய்னிங் அனுப்பினார்கள். வரும்போது ஒரு வெள்ளிக் கிண்ணம் கொண்டு வந்தான். நம் வீட்டுச் சொம்பைக் குள்ளமாக்கியது போல வயிறு உப்பி, விளிம்பைச் சுற்றிப் புரியாத எழுத்து. பழைய கிறிஸ்தவ மடத்துக் கருவூலத்தில் இருந்ததாம். புரட்சிக்குப் பிறகு அரசாங்கம் மடத்தை மூடியபோது ஒருவர் அதை ஒளித்துக் காப்பாற்றியிருக்கிறார். அவருடைய பேரன் அண்ணனோடு வேலை பார்த்தவர். அந்தப் பேரனின் தம்பி செத்த அன்று அவரோடு துக்கத்துக்கு உட்கார ஆளில்லாமல் அண்ணன்தான் உட்கார்ந்தானாம். செத்தவர் பேரைச் சொல்லி, ஒருவர் வாய் வைத்துக் குடித்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், அதுதான் அந்தக் கிண்ணத்தின் முறை. அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பேரன் கிண்ணத்தை அவனிடமே கொடுத்துவிட்டார்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அயனம்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தான். அவனுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். இனிமேல் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்த வருஷம் அப்பாவின் நினைவு நாளில் கிண்ணத்தில் பாலில்லாத டீ ஊற்றி, அப்பா பேரைச் சொல்லி ஒரு வாய் குடித்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

"இன்னா நைனா, என் எச்சி உனுக்கு ஆவாதா?" என்று சிரித்தான்.

"அதெல்லாம் இல்லண்ணே, ஊட்ல கொயந்தைங்க கீதுங்கல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு டம்ளர் எதிலும் அவன் வாய் வைக்கவில்லை. அண்ணாந்து குடிக்க அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது, சட்டை நெஞ்சில் சொட்டிக்கொள்வான். கடைசிவரை அப்படிச் சொட்டிக்கொண்டே குடித்தான். நுரையீரல் ஏற்கெனவே அரித்துப் போயிருந்தது. அடுத்த தை மாதம் போய்விட்டான்.

முதல் வருஷத் திதிக்குப் படையல் போட்டோம். இலைக்குப் பக்கத்தில் மடித்த புது வெள்ளைச் சட்டை, கிண்ணம் நிறைய டீ. செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். நல்ல பகல் வெளிச்சம். ஜன்னலும் சாத்தியிருந்தது. கதவைத் திறந்ததும் என் மனைவி செல்விதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாங்க, சட்டையப் பாருங்க!"

கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது, டீ பாதிதான் இருந்தது. சட்டையின் நெஞ்சில் மூன்று சொட்டு டீ, ஈரம்கூடக் காயவில்லை. பூனையா, எலியா என்று நானும் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. செத்த பிறகும் என் வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாதென்று நினைத்துவிட்டானே, பாவி. மிச்ச டீயை எல்லோருக்கும் முன்னால் வாய் வைத்தே குடித்தேன்.

இப்போதும் ஒவ்வொரு திதிக்கும் புதுச்சட்டை வைக்கிறேன். கதவைச் சாத்தும் முன் சத்தமாகவே சொல்கிறேன், "வாய் வச்சே குடிண்ணே, இன்னா ஆயிடப் போவுது."

திறந்து பார்த்தால் நெஞ்சில் அதே இடத்தில் மூன்று சொட்டு.