ஜெர்சிப் பசு மூச்சிரைத்த மதியம்

கத்திரி வெயில் நாட்கள். என் கணவர் ஒரு கல்யாணத்துக்காக நாட்டரசன்கோட்டை போயிருந்தார். மானகிரித் தோட்டத்து வீட்டில் நான் மட்டும். கொட்டகையில் ஈன்று இரண்டு மாதமான ஜெர்சிப் பசுவும் அதன் கன்றும்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. கொட்டகை மின்விசிறி நின்றுவிட்டதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு மணிக்குத் தீவனத்தோடு போனால், பசு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருக்கிறது. எச்சில் நூல் நூலாகத் தரை வரை தொங்கியது.

சாக்குகளை நனைத்து முதுகு முழுக்கப் போர்த்தினேன். பத்து நிமிடத்தில் இரைப்பு இன்னும் கூடியது. பின்னங்கால்கள் நடுங்கின.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். என்னைவிட இளைய பெண். பிள்ளையார்பட்டிப் பக்கம் வேறொரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போனை எடுத்துவிட்டார்.

"வெலாவப் பாத்து ஒரு நிமிசம் மூச்ச எண்ணுங்கக்கா."

நூற்றுப் பத்து. அதில் பாதிகூட இருக்கக் கூடாதாம்.

"மேல எதுவும் போட்டிருக்கீகளா?"

"ஈரச் சாக்கு."

"மொதல்ல அத எடுங்க. சூடு வெளிய போக முடியாம அடைச்சு வச்சிருக்கீக. தண்ணிய ஊத்தி விசிறுங்க, மேல ஈரம் காயக் காயத்தேன் சூடு எறங்கும். தீவனம் வேணாம். வயித்துல அது புளிக்கிறதே ஒரு அடுப்பு. நான் கெளம்பிட்டேன்."

சாக்கை உருவினேன். அடியில் தோல் கொதித்தது. குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீரும் சுட்டது. வாளியோடு கிணற்றுக்கு ஓடினேன். என் ஓட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அவர் இறைக்க, நான் ஊற்றி, முறத்தால் விசிறினேன். கை மரத்துப் போனது. திடீரென்று பசு முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"எம் மாடு வெட்டவெளியில நின்னு அசை போடுது. இது மட்டும் ஏன்த்தா இப்புடி?" என்றார் அவர். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த வாளியை ஊற்றினேன்.

மருத்துவர் வந்து வெப்பமானியை வைத்தார். நூற்றேழு டிகிரி. வயல்காரர் அவரிடமும் அதையே கேட்டார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றியபடியே மருத்துவர் பதில் சொன்னார்.

"ஒங்க நாட்டு மாட்டுக்குத் தோல் தளர்வா தொங்குது, வேர்வையும் நல்லா விடும். பால் கொஞ்சம், உள்ள சூடும் கொஞ்சம். இது குளிர் நாட்டு வழி வந்தது. பாலுக்காக எந்நேரமும் தீனிய எரிச்சுக்கிட்டே இருக்குற உடம்பு."

இரைப்பு தணிந்த பிறகு என்னிடம் ஆப்ப சோடா கேட்டார். எச்சிலோடு, புளிப்பை அடக்கும் கார உப்பெல்லாம் ஒழுகிவிட்டதாம். அசை போடாமல் வயிற்றில் புளிப்பு ஏறியிருக்குமாம். தண்ணீரில் கரைத்து வைத்தோம். முதலில் மூக்கை மட்டும் நனைத்தது. பிறகு குடித்தது. ஐந்து மணி வாக்கில் தானே எழுந்து நின்றது.

"சாக்கப் போட்டது நாந்தேன்," என்றேன் மருத்துவரிடம்.

"எல்லாரும் போடுறதுதேன்க்கா."

அது எனக்கு ஆறுதலாகப் படவில்லை.

மறுநாள் காலை மடியில் பாதிப் பால்கூட இல்லை. கறக்காமல் கன்றை அவிழ்த்து விட்டேன்.