எருமைக்காக வாங்கிய எல்இடி

எங்கள் ஊரான இண்டூருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, சாலையின் நடுவில் ஓர் எருமை படுத்திருந்தது. இருட்டத் தொடங்கியிருந்த நேரம். பக்கத்து சீட்டில் என் மனைவி. காரை நிறுத்தி மரியாதையாக ஒரு ஹாரன் அடித்தேன். எருமை அசையவில்லை. மரியாதை இல்லாமல் இரண்டு அடித்தேன். அதற்கும் அசையவில்லை. ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன். கடைசியில் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "யம்மா, கொஞ்சம் எந்திரி. வூட்டுக்குப் போவணும்" என்று பேசியே பார்த்துவிட்டேன்.

என் மனைவி பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"கிட்டப் போவாத, முட்டிடும்" என்றேன்.

அவள் போய் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். டொம் என்றது. எருமையைத் தட்டினால் டொம் என்று கேட்காது என்பது எனக்கும் தெரியும். ஏதோ லாரியிலிருந்து விழுந்து கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி அது. அதைக் காலாலேயே உருட்டி ஓரத்தில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எருமைய ஓரமா கட்டிட்டேன். போலாங்களா?"

"லைட்டு சரியில்ல" என்றேன்.

"லைட்டு சரியில்லீங்களா, கண்ணு சரியில்லீங்களா?"

ஐம்பத்திரண்டு வயது மனிதனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. காரணம், பதில் எனக்குத் தெரியும். ஆறு மாதமாகவே ஏழு மணிக்கு மேல் உலகம் எனக்கு மாவில் தோய்த்து எடுத்த மாதிரிதான் தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் கண் டாக்டர் என்றாலே எனக்குப் பயம். யாரோ ஒருவர், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னதைக் கேட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவன் நான். ஊசி அவருடைய கண்ணில், மயக்கம் எனக்கு.

அதனால், "லைட்டுதான். பத்து வருசத்து பல்பு. மஞ்சளா அழுவுது. எல்இடி மாத்தினா பட்டப்பகல் மாதிரி ஆயிடும்" என்றேன்.

அவள் வீடு வரைக்கும் முன்னால் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் இறங்கும்போது தீர்ப்பைச் சொன்னாள். "மாத்துங்க. வர ஞாயித்துக்கெழம தருமபுரில ரிசப்ஷன் இருக்குது. என் தம்பியும் வர்றான். திரும்பி வரும்போது பாப்பேன். தடுமாறினீங்கன்னா சாவி அவன்கிட்ட. அதுக்கப்புறம் ஆறு மணிக்கு மேல நீங்க பின் சீட்டு."

என் மச்சான் நல்லவன்தான். ஆனால் என் காரில் உட்கார்ந்தால் முதலில் டிரைவர் சீட்டைத் தன் காலுக்கு ஏற்ற மாதிரி பின்னால் தள்ளுவான். அடுத்து நடுக் கண்ணாடியைத் திருப்புவான். பிறகு பாட்டை மாற்றுவான். இத்தனையும் முடித்துவிட்டு, "மாமா, கிளட்ச் ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்பான். பின் சீட்டில் மடியில் தாம்பூலப் பையோடு உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லும் வாழ்க்கையை நினைத்தேன். வியர்த்துவிட்டது.

ஆறு நாள் இருந்தது. போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன்.

இந்த வீடியோக்காரர்களைப்போல என்னைக் கலங்கடித்தவர்கள் கிடையாது. முதலாமவர், வாட்ஸ் அதிகமாக இருந்தால்தான் வெளிச்சம் என்றார். இரண்டாமவர், வாட்ஸ் அதிகமானால் வயர் உருகும் என்றார். அன்றே போய் பானெட்டைத் திறந்து வயரை மோந்து பார்த்தேன். லைட் போட்டு நாள் கணக்கு ஆகியிருந்தும் கருகல் வாடை அடித்த மாதிரி இருந்தது. மூன்றாமவர் கன்னடத்தில் பேசினார். நான் எல்லைப் பக்கத்து மனிதன், அதனால் பாதி புரிந்தது. அந்தப் பாதி முழுக்க "வேண்டாம்" என்பதாகவே இருந்தது. நான்காமவர் ஹிந்தி. ஒன்றும் புரியவில்லை, ஆனால் கடைசியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவரைத்தான் நம்பினேன்.

வீடியோவுக்குக் கீழே ஒருவர், எல்இடி போட்டதால் எதிரே வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து தன்னை அடித்தார் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் தெரியாமல் தொட்டியில் மோதுவதா, கண் தெரிந்து லாரிக்காரரிடம் அடி வாங்குவதா?

வியாழக்கிழமை தருமபுரி போனேன். கார் சாமான் கடைக்காரர் என் வயதுதான் இருப்பார். ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது கலரு ஆறாயிரம் கே. பால் வெள்ளை."

"லூமென் எத்தன?" என்று கேட்டேன். வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் அந்த வார்த்தையை நாலு நாள் சொல்லிப் பழகியிருந்தேன்.

"பொட்டியில போட்டிருக்கும் பாருங்க."

பெட்டியை வாங்கிப் படித்தேன். அதாவது, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன். பிறகு புருவத்தைச் சுருக்கித் தலையை ஆட்டினேன்.

"பரவால்ல, நல்ல லூமென்தான்" என்றேன்.

"அண்ணே, தலகீழா புடிச்சிருக்கீங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவர் காரின் முன்னால் போய்க் குனிந்து ஹெட்லைட் கண்ணாடியை விரலால் தேய்த்தார்.

"லைட்டு பாதி பிரச்சனைங்க. இந்தக் கண்ணாடி வெளுத்துப் போயி மோர் மாதிரி இருக்குது. மொதல்ல இதுக்குப் பாலிஷ் போடணும்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, கண்ணாடியில்தான் கோளாறு. உடனே போன் செய்து மனைவியிடம் சொன்னேன். "பாதின்னுதானே சொன்னாரு?" என்றாள்.

பாலிஷ் போட்டார். பிறகு பல்பு பேச்சு தொடர்ந்தது. இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டேன். இரண்டு கட்டைவிரல் பருமனில், பின்னால் குட்டி ஃபேன் வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது போட்டா எருமை தெரியுமா?"

"எரும மேல இருக்கற கொசு தெரியும். ஆனா எதிர்ல வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க மேலயே வந்து ஏறுவான். செக்கிங்ல போலீஸ்காரரும் நிறுத்துவாரு."

லாரிக்காரர் கண் முன் வந்து நின்றார். "அப்ப சின்னது குடுங்க."

"சின்னதுலயும் பால் வெள்ளை வேணாங்க. மழ வந்தா ரோடே தெரியாது. லேசா மஞ்ச கலந்தது இருக்குது, நாலாயிரத்து முந்நூறு கே. அது போடுங்க."

மஞ்சளைப் பழித்துவிட்டு வந்தவன் மஞ்சளையே வாங்கினேன். மாட்டி முடித்து, எதிர்க் கடையின் சாத்திய ஷட்டருக்கு நேராகக் காரை நிறுத்தி லைட்டைப் போட்டார். ஸ்குரூவைத் திருகித் திருகி, வெளிச்சத்தின் மேல் விளிம்பை என் இடுப்பு உயரத்துக்கு இறக்கினார்.

"எல்இடி வாங்கறவங்க இத செய்யறதில்ல. அதனாலதான் அடி வாங்கறாங்க. இன்னொண்ணு, இதுல முன்பக்கம் சூடு இருக்காது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சூடே இல்லை. விஞ்ஞானம் என்று வியந்தேன். அந்த விஞ்ஞானம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பைநல்லூரிலிருந்து மச்சான் வந்து இறங்கினான். வந்ததும் காரைச் சுற்றி வந்து, "லைட்டு மாத்திருக்கீங்க போல" என்றான். அவன் கை தானாகச் சாவிப் பக்கம் போனதைப் பார்த்தேன். எனக்குக் கிலி பிடித்துவிட்டது. பாலிஷ், பல்பு, ஸ்குரூ எல்லாம் செய்தாயிற்று. பாக்கி தெய்வம்தான்.

வண்டிக்குப் புதிதாக எது மாட்டினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் சாலையில் இறக்க மாட்டார்கள். என் மனைவி பன்னீரில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஹெட்லைட்டிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

"என்ன இது, எறும்புக்கு வெக்கற மாதிரி?" என்று கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு லைட்டிலும் ஒரு கைப்பிடிச் சந்தனம் அப்பினேன். நடுவில் குங்குமம். ஓரத்தில் இடம் பாக்கி இருந்தது, அங்கேயும் சந்தனம். தள்ளி நின்று பார்த்தபோது கார் பழனிக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

போகும்போது வெயில். ராஜா மாதிரி ஓட்டினேன். ரிசப்ஷனில் மொய் எழுதி, சாப்பிட்டு, பாயசத்தை இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். மச்சான் முன்னால், மனைவி பின்னால். ஊருக்குள் தெருவிளக்கு இருந்ததால் லைட் தேவைப்படவில்லை. தருமபுரியைத் தாண்டி இருட்டுக்குள் வந்ததும் கம்பீரமாக லைட்டைப் போட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்றால், முன்னால் இரண்டு செம்மஞ்சள் கறை விழுந்தது. அதன் நடுவில் எதுவுமே இல்லை. ஹை பீம் போட்டேன். கறை கொஞ்சம் பெரிதானது. கண்ணைக் கசக்கினேன். கறை அங்கேயே இருந்தது. பாலிஷ் போட்ட கண்ணாடி, புது பல்பு, இடுப்பு உயரத்துக்கு வெளிச்சம். அத்தனையும் இருந்தும் எனக்குச் சாலை தெரியவில்லை என்றால் அர்த்தம் ஒன்றுதான். என் கண் போய்விட்டது. பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது போயிருக்க வேண்டும்.

காரை ஓரம் கட்டினேன்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"எனக்குக் கண்ணு தெரியல" என்றேன். சொல்லித் தொலைத்ததும் நிற்கவில்லை, மொத்தமும் கொட்டிவிட்டது. "ஆறு மாசமாவே தெரியல. லைட்டு மேல பழி போட்டேன். போன மாசம் காம்பவுண்டு செவுத்துல இடிச்சது பால்காரன் இல்ல, நான்தான். பஸ் ஸ்டாண்டுல பேனர்ல இருந்த ஆளுக்கு வணக்கம் வெச்சேன். டாக்டருக்குப் பயந்துக்கிட்டுதான் சொல்லல. இப்ப சுத்தமா போயிடுச்சு. மச்சான், சாவிய புடி."

மச்சான் சாவியை வாங்காமல் முன் கண்ணாடி வழியே சாலையை எட்டிப் பார்த்தான்.

"மாமா" என்றான் மச்சான், மிகவும் மெதுவாக. "எனக்கும் தெரியலயே."

அவன் இறங்கி முன்னால் போனான். குனிந்தான். நிமிர்ந்தான். வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி குனிந்தான்.

"அக்கா, கொஞ்சம் எறங்கி வா."

இருவரும் என் காருக்கு முன்னால் நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததை, சந்தன நிற வெளிச்சத்தில் நான் உள்ளேயிருந்து பார்த்தேன். பழைய பல்பாக இருந்திருந்தால் அந்தச் சூட்டில் பொட்டு காய்ந்து பத்து நிமிடத்தில் உதிர்ந்திருக்கும். இது விஞ்ஞானம். சூடே இல்லை. சந்தனம் அப்பிய இடத்தில் அப்பியபடி குளுகுளுவென்று இருந்தது.

மச்சான் ரிசப்ஷனுக்குக் கட்டியிருந்த புது வேட்டியின் நுனியால் துடைத்தான். சாலை ஒரே வீச்சில் திறந்துகொண்டது. புளியமரத்துப் பட்டை, ஓரத்து வெள்ளைக் கோடு, தூரத்தில் ஒரு மைல்கல், எல்லாம் தெரிந்தன.

"தெரியுது" என்றேன். "நல்லா தெரியுதே. நானே ஓட்டறேன்."

"பின்னாடி வாங்க" என்றாள் மனைவி. "பால்காரர் கதைய சொல்லிக்கிட்டே போலாம்."

மச்சான் சீட்டைப் பின்னால் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். பாட்டை மாற்றினான். ஆறு நாள் தூக்கம் கெட்டு நான் தேர்ந்தெடுத்த வெளிச்சத்தில் என் மச்சான் ஓட்டினான்.

"கிளட்ச் ஏன் மாமா இப்படி இருக்குது?"

மறுநாளே என் மனைவி என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டேன். டாக்டரம்மா, "கண்ண தொறந்தாத்தாங்க பாக்க முடியும்" என்றார். ஊசி எதுவும் இல்லை. எழுத்தைப் படிக்கச் சொன்னார். முதல் வரியில் ஒரே ஓர் எழுத்து இருந்தது, அதை மட்டும் சரியாகச் சொன்னேன். "வெறும் பவருதாங்க. கண்ணாடி போட்டா போதும்" என்றார். இதற்காகவா ஆறு மாதம் தொட்டிகளோடு பேசினேன்?

கண்ணாடி வந்த அன்றைக்குச் சாவியும் வந்தது. ஒரு நிபந்தனையோடுதான். மூக்கில் கண்ணாடி இருந்தால் கையில் சாவி.

அடுத்த வாரம் தருமபுரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் அவளும் மட்டும். அதே இருட்டும் நேரம். அதே இடத்தில் நடுச்சாலையில் கறுப்பாக ஒன்று கிடந்தது. நான் வண்டியை நிறுத்தினேன்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? அதே தொட்டிதான். காத்துல உருண்டு வந்திருக்கும். ஓரமா வளைச்சிப் போங்க" என்றாள் மனைவி.

நாலாயிரத்து முந்நூறு கே வெளிச்சத்தில், புதுக் கண்ணாடி வழியாக, அந்தத் தொட்டியின் இரண்டு காதுகளும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஒரு காதில் மஞ்சள் அட்டைகூடத் தொங்கியது.

"எறங்கி உருட்டி உடட்டுமா?" என்றாள், பெல்ட்டில் கை வைத்தபடி.

"வேணாம். கொஞ்சம் இரு."

தொட்டி எழுந்து நின்றது. வாலை ஒரு முறை சுழற்றியது. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் வயல் பக்கம் இறங்கிப் போனது.

கியர் போட்டேன். ஊர் எல்லை வந்தது. அவள் வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா சனிக்கெழமையில இருப்பாங்களா?"